ஒரிஜினல் பார்ட்ஸுக்கு எங்கே போவது?

சக்திமான் லாரி, ஜோங்கா, வில்லிஸ் ஜீப்... பேரைக் கேட்டதுமே நம்ம மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்களுக்குக் காது விடைத்துக்கொள்ளும். பழைய மிலிட்டரி வண்டி ஒன்றைப் பிரித்துப் பூட்டி மறுபடி ஓடவிட வேண்டும் என்ற ஆசை இல்லாதவர் நம்மில் யார்? ஆனால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும் யாராவது ஒருத்தர் கேட்பார்: "அதெல்லாம் சரிப்பா, ஒரிஜினல் பார்ட்ஸுக்கு எங்க போறது?" அதோடு பேச்சு முடிந்தது. அந்தக் கேள்வியையே கொஞ்சம் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி, நண்பர்களே!

சக்திமான் 1959-ல் ஜபல்பூரில் உருவானது. ஜெர்மனியின் மேன் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்த லாரி. அதே ஊரில் ஜப்பானின் நிசான் பேட்ரோல் வண்டியை நம் ராணுவத்துக்காகச் செய்தார்கள். அதுதான் ஜோங்கா. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ், கன் கேரேஜ், அசெம்ப்ளி என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கியது. ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் இன்ஜின். (இன்றைய பெட்ரோல் விலையில் அதை வைத்திருப்பதே ஒரு வீரச்செயல்தான்!) 1990-களோடு இரண்டின் உற்பத்தியும் நின்றுபோனது. இவற்றுக்கும் மூத்தவை இரண்டாம் உலகப்போர் வண்டிகள்: வில்லிஸும் ஃபோர்டும் செய்த ஜீப்புகள், கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் செய்த லாரிகள். 1945-ல் போர் முடிந்ததும் உபரியாகக் கிடந்தவை விற்பனைக்கு வந்து, நம் நாட்டில் பஸ்ஸாகவும் லோடு லாரியாகவும் வேஷம் மாறி உழைத்தன.

ஜீப் வைத்திருப்பவருக்கு அவ்வளவு கஷ்டமில்லை. மகிந்திரா கம்பெனி 1940-களின் கடைசியில் தொடங்கி, பல பத்தாண்டுகள் வில்லிஸ் வழிவந்த ஜீப்பையே இங்கே செய்துகொண்டிருந்தது. போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறிய ஜீப்புகளெல்லாம் அந்தக் குடும்பம்தான். அதனால் ஸ்பேர் ஏதாவது ஒரு மூலையில் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றினால் பாதி வண்டியைத் தேற்றிவிடலாம். லாரிதான் சிக்கல். ராணுவம் கழித்த வண்டிகள் இன்று எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மின்-ஏலத்தில் போகின்றன. காயலாங்கடைக்காரர் எடுத்தால் கிலோக் கணக்கில் உடைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் தொழில் அது.

சரி, ஒரிஜினல் என்றால் என்ன? ஃபோர்டு கம்பெனி தன் ஜீப்பின் பாகங்களில் 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது, போல்ட் தலை உட்பட. இன்றைக்கு அந்த 'எஃப்' பொறித்த புது போல்ட்டே வெளிநாட்டில் விலைக்குக் கிடைக்கிறது! எழுத்தை வைத்து எதை நம்புவது? இன்னொரு பக்கம், 50 வருஷமாகக் கவர் பிரிக்காத ஒரிஜினல் வீல் சிலிண்டர் ரப்பர் கப் கிடைத்தது என்று சிலர் கூத்தாடுவார்கள். ரப்பருக்கு உபயோகித்தாலும் வயசாகும், உபயோகிக்காவிட்டாலும் வயசாகும். அதைப் போட்டுக்கொண்டு கொடைக்கானல் மலை இறங்கிப் பார்க்கட்டும், தெரியும் சேதி. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசியை ஏர் அடித்து ஊதக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மரை விஷயத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் வண்டியில் விட்வொர்த் வகை மரை, கோணம் 55 டிகிரி. அமெரிக்க, கனடா வண்டியில் 60 டிகிரி, அங்குல அளவு. சக்திமானிலும் ஜோங்காவிலும் 60 டிகிரிதான், ஆனால் மெட்ரிக். அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்கன் கோர்ஸுக்கு 13. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும். அப்புறம் இறுகும். "கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும், அடிச்சு ஏத்து" என்பார் பக்கத்தில் நிற்பவர். ஏற்றினால் மரை செத்தது, ஹவுசிங்கும் செத்தது. பல வண்டிகள் பார்ட்ஸ் கிடைக்காமல் நிற்கவில்லை, இந்த மாதிரி கைகளால் நின்றன. பிட்ச் கேஜ் ஒன்று கையில் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. நம் மெட்ராலஜி லேபில் அது டப்பாவுக்குள் தூங்குகிறது.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. தினசரி ஓட்டவோ தொழிலுக்கு விடவோ கூடாது. (ஆக, லோடு வண்டியாகப் பதிவான ஏல லாரிக்கு இதில் இடமில்லை.) சேஸி, பாடி, இன்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்கிறது விதி. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எறிந்து டீசல் மாட்டியவர்கள் இனி கையைப் பிசைய வேண்டியதுதான். ஆனாலும் அன்றைக்கு வயிற்றுப்பாட்டுக்கு அப்படிச் செய்த டிரைவர் அண்ணனைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. தேய்ந்த புஷ்ஷைக் கடைந்து போடுவது இந்த மாதிரி மாற்றம் இல்லை. அது பராமரிப்பு. கோபம் வரவேண்டியது, சேஸி நம்பரைத் தேய்த்து வேறு நம்பர் குத்தி 'பக்கா ஒரிஜினல்' என்று விற்பவர்கள் மேல்.

நம்ம ஊருக்கு இது புதுசா என்ன? இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, டி.வி.சுந்தரம் அய்யங்கார் கையைக் கட்டி உட்காரவில்லை. கரியிலிருந்து வாயு எடுத்து இன்ஜினை ஓட்டும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் செய்து வண்டிகளை ஓடவிட்டார். ஒரிஜினல் எரிபொருளா அது?

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வருஷ ப்ராஜெக்ட் எப்படி நடக்கிறது என்று நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது! நாலைந்து பேர் பணம் போட்டு, ரெடிமேடாக வாங்கி, பெயிண்ட் அடித்து, வைவா முடிந்ததும் மூலையில் போடுகிறோம். அந்தப் பணத்தில் பழைய ராணுவ லாரியின் ஸ்பிரிங் பட்டைக்குப் போடும் ஷேக்கிள் புஷ் ஒன்றைச் செய்தால் என்ன? கைக்கு அடக்கமான சாமான், வெண்கலத்தில் கடைவது. ஆனால் அதற்குள் நம் சிலபஸே இருக்கிறது. தேய்ந்த புஷ்ஷை அளந்தால் தேய்மானம்தான் கிடைக்கும், சைஸ் கிடைக்காது. பட்டைக் கண்ணின் துளையை அளக்க வேண்டும், பின்னின் தேயாத இடத்தை அளக்க வேண்டும், பிறகு கண்ணுக்குள் எவ்வளவு இறுக்கம், பின்னுக்கு எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட வேண்டும். லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் பாடத்தை அப்போதுதான் நிஜமாகப் படிப்போம். வார்ப்பு தேவைப்படும் பாகமானால், வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும் என்பதைப் பேட்டர்னிலேயே சேர்க்க வேண்டும். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகள் நமக்குப் பக்கம்தான். இதையெல்லாம் கண் பார்வையிலேயே சொல்லும் மூத்த டர்னர்கள் பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு அந்த லேத்தில் நிற்க ஆள் இல்லை என்பதுதான் எனக்குப் பார்ட்ஸ் தட்டுப்பாட்டைவிடப் பெரிய கவலை.

"மார்க் போடுவாங்களா?" என்று கேட்பீர்கள். ஒரு சின்ன புஷ்ஷைப் பார்த்து எக்ஸாமினர் உதட்டைப் பிதுக்கலாம், நியாயமான பயம்தான். அளவெடுத்த தாள், டிராயிங், கெட்டுப்போன முதல் இரண்டு பீஸ் எல்லாவற்றையும் மேஜையில் வைத்தால் எந்த எக்ஸாமினரும் பத்து நிமிஷமாவது நின்று கேள்வி கேட்பார். பதில் நமக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் செய்தது நாம்.

எல்லாவற்றையும் செய்யலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். க்ரவுன் பினியன் நம் லேத்துக்கு அடங்காது. ஸ்டியரிங், பிரேக் பாகங்களில் கை வைத்து ரோட்டில் சோதனை பார்ப்பது வேண்டவே வேண்டாம். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் சீட்டுக் கட்டி வண்டிக்காரரிடமே கொடுக்க வேண்டும். நாம் செய்த பாகத்தில் வருஷத்தைப் பஞ்ச் பண்ண வேண்டும், 1965 மாடல் வண்டியில் அது புதுப் பாகம் என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி. டிராயிங்கில் ஒரு பிரதி நம் நூலகத்தில் இருக்கட்டும். அடுத்த செட்டில் எவனாவது ஒருத்தன் பின்னைச் செய்வான்.