பாக்கி இருந்தால் ஓட்டு இல்லையாம்!

நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பான டொனால்ட் டிரம்ப், 2024 நவம்பர் 5 அன்று புளோரிடாவின் பாம் பீச்சில் ஜம்மென்று ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். சட்டப்படி சரிதான். வெளிமாநிலத்தில் தண்டிக்கப்பட்டவருக்கு அந்த மாநில விதியே பொருந்தும் என்கிறது புளோரிடா. நியூயார்க்கிலோ சிறைக்குள் இருப்பவருக்கு மட்டும்தான் தடை. புளோரிடாவிலேயே தண்டனை பெற்று, நீதிமன்றக் கட்டணத்தில் பாக்கி வைத்திருக்கும் ஏழை அதே வரிசையில் நின்றால் அவர்மீது வழக்கு பாயலாம்.

2018இல் புளோரிடா மக்கள் ஏறத்தாழ 65 சதவீத ஆதரவோடு மாநில அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். கொலை, பாலியல் குற்றம் நீங்கலாக, தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமை தானாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் திருத்தம். மறு ஆண்டே சட்டமன்றம் முட்டுக்கட்டை போட்டது. அபராதம், கட்டணம், இழப்பீடு எல்லாவற்றையும் கட்டினால்தான் தண்டனை முடிந்ததாகக் கணக்காம். ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்துப் போட்டார்.

"கடனை அடைத்துவிட்டு வரட்டுமே" என்று சிலர் நியாயம் பேசுகிறார்கள். எவ்வளவு கடன் என்று முதலில் சொல்லுங்கள். மளிகைக் கடைக்காரர்கூட நோட்டைக் காட்டித்தான் பாக்கி கேட்பார். ஒரு பேராசிரியரும் அவரது ஆய்வு மாணவர்களும் 153 பேரின் பதிவுகளை நெடுநாள் தோண்டித் துருவினார்கள். மூன்றே மூன்று பேரைத் தவிர மற்ற அனைவரின் விவரங்களிலும் முரண்பாடு! 153இல் 150. நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் 2020 மே மாதத் தீர்ப்பில் இதைப் பதிவு செய்து, கட்ட வழியில்லாதவரைத் தடுப்பது செல்லாது என்றார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-4 என்ற கணக்கில் அதைக் கவிழ்த்தது. அந்த ஆறு பேரும் 150 என்ற எண்ணை எப்படித்தான் தாண்டிப் போனார்களோ!

கூத்து அதோடு முடியவில்லை. 2022 ஆகஸ்டில், தகுதியில்லாமல் வாக்களித்ததாக 20 பேர்மீது நடவடிக்கை என டிசாண்டிஸ் மேடை போட்டு அறிவித்தார். அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டை கொடுத்ததே அரசு அலுவலகம்தான்.

இந்தியாவில் விசாரணைக் கைதிக்குக்கூட ஓட்டில்லை. அது தனி அநியாயம். ஆனால், தேர்தல் குற்றங்கள் போன்ற சில நீங்கலாக, வெளியே வந்தவரிடம் யாரும் ரசீது கேட்பதில்லை.

2018 ஆளுநர் தேர்தலில் டிசாண்டிஸ் வென்றது 33,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். பாக்கியால் ஓட்டிழந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல் என்பது நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட மதிப்பீடு. கடன் கணக்கில் கோட்டைவிட்டவர்கள் இந்தக் கணக்கில் மட்டும் கெட்டிக்காரர்கள். அடுத்த தேர்தலுக்குள் ஒவ்வொருவருக்கும் பாக்கிச் சீட்டு அனுப்பட்டும்; முடியாதென்றால் மொத்தத்தையும் தள்ளுபடி செய்யட்டும்.