கும்பிடும் குடிகளா? கணக்குக் கேட்கும் குடிகளா?

“எலெக்ஷனும் வேண்டாம், சட்டசபையும் வேண்டாம், நல்ல ராஜா ஒருவன் இருந்தால் போதும்” என்று பருத்திப்பட்டு, ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். அந்த ராஜா கெட்டவனாய்ப் போனால் அவனை யார் கேட்பது?

“கடவுள் கேட்பார்” என்பதுதான் ராஜாக்கள் கண்டுபிடித்து வைத்த பதில். இங்கிலாந்து ராஜா முதலாவது ஜேம்ஸ், ராஜாக்கள் பூலோகக் கடவுள்கள் என்று 1610-ல் பார்லிமெண்டிலேயே சொன்னான். அவன் மகன் சார்லஸ் அதை நம்பி, 1629 முதல் 11 வருஷகாலம் பார்லிமெண்டைக் கூட்டாமலே வரி வாங்கினான். முடிவென்ன? 1649-ல் அவன் தலை போயிற்று. எந்தக் கடவுளும் தடுக்க வரவில்லை. அப்படியும் புத்தி வராத இரண்டாவது ஜேம்ஸ் 1688-ல் நாட்டை விட்டே ஓடினான். அடுத்த வருஷம், பார்லிமெண்டின் சம்மதமில்லாமல் வரி கிடையாது, சமாதான காலத்தில் பட்டாளம் கிடையாது, சட்டத்தை ராஜா நிறுத்தி வைக்கவும் முடியாது என்று சட்டமாகவே செய்துவிட்டார்கள். ராஜா நல்லவனா கெட்டவனா என்ற ஆராய்ச்சியே அதில் இல்லை. கஜானா சாவி யார் கையில் என்பதுதான் அங்கே கேள்வி.

இது நடந்து 61 வருஷம் கழித்து, நம் அண்டையிலுள்ள திருவிதாங்கூரில் நடந்ததென்ன? 1750-ல் மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்யம் முழுவதையும் பத்மநாப சுவாமிக்குத் தானம் செய்துவிட்டு, தன்னைப் “பத்மநாப தாசன்” என்று சொல்லிக்கொண்டான். அன்று முதல் ராஜாவை எதிர்ப்பது தெய்வத் துரோகமும் ஆயிற்று! ராஜ்யம் சாமிக்கு, வரி குடிகளுக்கு. செலவோ, ஆறு வருஷத்துக்கொருமுறை 56 நாள் முறைஜபம். சாமி என்றைக்காவது கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததுண்டா?

இன்றைய கன்னியாகுமரி ஜில்லாவும் சேர்ந்திருந்த அந்தத் தெய்வ ராஜ்யத்தில்தான், நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல் மேல்சீலை போடக்கூடாதென்று 1829-ல் உத்தரவு பிறந்தது. அவர்கள் அடிபட்டும் விடாமல் நின்று, கலகம் மூண்டு, சென்னைக் கவர்னரும் நெருக்கிய பிறகே, 1859-ல் மார்பை மூட அனுமதி வந்தது. அப்போதும் மேல்சாதியார் மாதிரி அணியக்கூடாதாம்!

“1936-ல் ராஜாவே கோயிலைத் திறந்துவிட்டாரே” என்பார்கள். 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே ஜெயிலுக்குப் போனவர்கள் இல்லாமல், மதம் மாறிவிடுவோம் என்று ஈழவர்கள் கிளம்பாமல், அந்தக் கதவு திறந்திருக்குமா? கதவைத் திறந்த அதே ராஜ்யம் 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளிகளைச் சுட்டுத் தள்ளிற்று. அங்கே சட்டசபை இல்லாமலில்லை; ஆனால் திவானை நீக்க அதற்கு அதிகாரமில்லை. வயது வந்தவர்க்கெல்லாம் ஓட்டு என்று 1948-ல் எலெக்ஷன் நடந்த பிறகே, குடிகளுக்குப் பதில் சொல்லும் மந்திரிகள் வந்தார்கள்.

ஆகவே தோழர்களே, ராஜா தயவாய்க் கொடுத்ததை ராஜாவே பிடுங்கிக்கொள்ளலாம். குடிகள் சட்டமாக்கி வாங்கியதை அவ்வளவு சுலபமாய்ப் பிடுங்க முடியாது. 1950-ல் நமக்கும் அரசியல் சட்டம் வந்தது. 1971-ல் ராஜாக்களின் மானியமும் ஒழிந்தது. ஆனால் மந்திரியின் காலில் விழுகிறவனும், எம்.எல்.ஏ.வைத் தெய்வமென்கிறவனும் ஆளுக்கொரு புதிய பத்மநாப தாசனை உண்டாக்குகிறார்கள். ஏரிக்கும் தெருவுக்கும் ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று நிமிர்ந்து நின்று கேளுங்கள். கும்பிடுகிற கை கணக்குக் கேட்காது.