மாநகரப் பேருந்து: நட்டக் கணக்கு பார்ப்பவர்களுக்கு

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் நட்டத்தில் ஓடுகிறது என்ற செய்தி ஆண்டு தவறாமல் வருகிறது. தணிக்கை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படும்போது வரும். தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்கும்போது வரும். டீசல் விலை ஏறினால் மறுபடியும் வரும். கூடவே தீர்ப்பும் வந்துவிடும். நிர்வாகம் சரியில்லை, இலவசம் கொடுத்தே கெடுத்தார்கள், தனியாரிடம் விட்டால்தான் உருப்படும், மெட்ரோ வந்த பிறகு பஸ் எதற்கு!

இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் பேசுவதில்லை. வரிப்பணம் வீணாகக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் நட்டம் உண்மை என்பதாலேயே அதிலிருந்து எடுக்கிற முடிவுகளும் உண்மையாகிவிடாது. நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேருக்கும் மேல் ஏறி இறங்கும் பேருந்துகளைப் பற்றிய வாதங்கள் இவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: நட்டத்தில் ஓடுவதே தோல்விக்குச் சான்று

சென்னையின் முதல் மேம்பாலம் ஜெமினியில் 1973-ல் திறக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பாலம் எவ்வளவு சம்பாதித்தது என்று யாரும் கேட்டதில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தையும் கேட்டதில்லை. பாலத்தால் கிடைக்கும் பயன் பாலத்தின் கல்லாவில் விழாது, ஊருக்குள் பரவிக் கிடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே பாலத்தின் மேல் அறுபது பேரைச் சுமந்துகொண்டு போகும் பேருந்திடம் மட்டும் அன்றாடம் கலெக்‌ஷன் கணக்குக் கேட்கிறோம்.

பேருந்தின் பயனும் அப்படிப் பரவுவதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஆள் நேரத்துக்கு வந்து சேர்வதும், சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சுக்கு நோயாளி வந்து போவதும், ரங்கநாதன் தெருவில் கூட்டம் சேர்வதும் பேருந்தின் ஈவுதான். காரில் போகிறவருக்கும் அதில் பங்கு உண்டு. அந்த அறுபது பேரும் ஆளுக்கொரு பைக்கில் கிளம்பினால் அண்ணா சாலையில் அவருடைய கார் நகராது. இவற்றில் ஒன்றுகூட கழகத்தின் வரவுப் பக்கத்தில் ஏறுவதில்லை. சம்பளம், டீசல், டயர் எல்லாம் செலவுப் பக்கத்தில் ஒன்று விடாமல் ஏறுகின்றன.

வரவு செலவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-ல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. இன்றைய அண்ணா சாலையான மவுண்ட் ரோடிலும் பாரிமுனையிலும் ஓடியது. அதை நடத்திய தனியார் கம்பெனி திவாலானது. 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. தெருவில் பொதுப் போக்குவரத்துக்கென்று இருந்த தண்டவாளமும் அதோடு போயிற்று. அறுபது ஆண்டு கழித்து, அதே மவுண்ட் ரோடுக்கு அடியில் பல்லாயிரம் கோடியைக் கொட்டிச் சுரங்கம் தோண்டித் தண்டவாளம் போட்டோம். டிராமை மூடியதால் மிச்சமானதை இந்தச் செலவோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

வாதம் 2: நட்டத்துக்குக் காரணம் நிர்வாகக் கோளாறு

இதில் பாதி உண்மை உண்டு. உதிரிபாகம் இல்லாமல் டிப்போவில் நிற்கும் வண்டி, ஆள் இல்லாமல் வெட்டப்படும் டிரிப், நடுவழியில் பிரேக் டவுன் எல்லாம் நடக்கின்றன. அதைச் சரிசெய்ய வேண்டியது கழகத்தின் பொறுப்பு. ஆனால் பெரிய செலவு எங்கே பிறக்கிறது என்று பார்த்தால், அது டிப்போவுக்கு வெளியே, சாலையில் பிறக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு தடத்தில் போய்வர இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட 12 வண்டி போதும். நெரிசல் கூடி, போய்வர மூன்று மணி நேரம் ஆகிவிட்டால், அதே பத்து நிமிட இடைவெளிக்கு 18 வண்டி வேண்டும். ஆறு வண்டியும் அவற்றுக்கான ஓட்டுநர், நடத்துநரும் கூடுதல். பயணிக்கு ஒரு பைசா கூடுதல் பயன் இல்லை. வண்டியைக் கூட்டாமல் 12-ஐ வைத்தே சமாளித்தால் இடைவெளி பதினைந்து நிமிடமாகும். எட்டு மணி நேர டூட்டியில் நான்கு முறை போய்வந்த வண்டி மூன்று முறைகூட முழுசாக முடிக்காது. சம்பளம் அதேதான், கலெக்‌ஷனில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. நின்று நின்று போவதால் டீசலும் கூடுதலாகக் குடிக்கும். இதில் எந்த மேலாளரைக் குற்றம் சொல்வது? சாலையில் வாகனம் பெருகுவதையும் ஓரத்தில் கார் நிறுத்துவதையும் கழகம் தீர்மானிப்பதில்லை.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி போன்ற நீண்ட தடத்தில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். அரை மணியாக வண்டி இராது. பிறகு இரண்டு மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் வண்டியில் படிக்கட்டு வரை தொங்கல். கடைசி வண்டியில் உட்கார இடம் இருக்கும். பார்க்கிறவர் “டீ குடித்துவிட்டுச் சேர்ந்து கிளம்புகிறார்கள்” என்பார். நடப்பது வேறு. முன்னால் போகும் வண்டி ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டினால், அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்குரிய ஆட்களும் கூடுதலாக நிற்பார்கள். அவர்கள் ஏற நேரமாகும். சென்னை நடத்துநர் தன் இருக்கையில் இருப்பார். காசு கை மாறி கை மாறி அவரிடம் போய், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். தாமதம் வளரும், அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் கூடும். பின்னால் வரும் வண்டிக்கோ ஆளே மிஞ்சாது. அது வேகமாக வந்து முன் வண்டியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டுநர்களைத் திட்டி இதைத் தீர்க்க முடியாது. பேருந்துக்குத் தனிப் பாதை, சிக்னலில் முன்னுரிமை, நடுவழியில் இடைவெளியைச் சீர்செய்யும் கட்டுப்பாடு ஆகியவைதான் தீர்வு. முதல் இரண்டும் மாநகராட்சி, காவல்துறை, நெடுஞ்சாலைத்துறை கையில் உள்ளவை.

வண்டிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். லட்சம் பேருக்கு 60 பேருந்து என்பது மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வகுத்த சேவை அளவுகோலின் மேல்நிலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகர மக்கள் 86 லட்சத்துக்கும் மேல். அந்தப் பழைய கணக்கின்படியே ஐயாயிரத்துக்கும் மேல் பேருந்து வேண்டும். கழகத்திடம் இருப்பதோ மூவாயிரத்துச் சொச்சம்.

கட்டணமும் கழகத்தின் கையில் இல்லை. 2011 நவம்பரில் உயர்த்தினார்கள். அடுத்து 2018 ஜனவரியில்தான். ஆறு ஆண்டு தொடாமல் விட்டு, ஒரே இரவில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ஆனது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பயணிகளில் ஒரு பகுதி ஷேர் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் போனது. அப்போது சென்னையில் டீசல் லிட்டர் 66 ரூபாயை ஒட்டி இருந்தது. பிறகு 92-ஐத் தாண்டிவிட்டது. சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் அதே 5 ரூபாய். விற்கும் விலையை அரசியல் தீர்மானிக்கும், வாங்கும் விலையைச் சந்தை தீர்மானிக்கும் என்றால், எந்த நிர்வாகி வந்தாலும் இடையில் துண்டு விழத்தான் செய்யும்.

வாதம் 3: மகளிர் இலவசப் பயணம் கழகத்தைக் கவிழ்த்தது

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நட்டச் செய்தி அதற்கு முன்னும் ஆண்டு தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. பின்னால் வந்த திட்டம் முன்னால் இருந்த நட்டத்துக்குக் காரணமாக முடியாது. மேலும், நடத்துநர் பெண்களுக்கும் கட்டணமில்லா டிக்கெட் தருகிறார். அந்த எண்ணிக்கையின் பேரில் அரசு கழகத்துக்கு ஈடு தருகிறது. ஈட்டுத்தொகை போதுமா, நேரத்துக்கு வருகிறதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அது அரசின் நிதித்துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி. பேருந்தில் ஏறும் பெண்ணை முறைப்பதில் அர்த்தமில்லை.

திட்டத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. கண்ணகி நகரிலிருந்து வீட்டுவேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் மாத வருமானத்தில் அது சின்னத் தொகை அல்ல. திட்டத்தில் உண்மையான குறை வேறொன்று இருக்கிறது. நிறுத்தத்தில் டீலக்ஸ் வண்டி வரும். காத்திருக்கும் பெண்கள் அதை விட்டுவிட்டு ஒயிட் போர்டு மாட்டிய சாதாரணக் கட்டண வண்டியைத் தேடி எட்டிப் பார்ப்பார்கள். டீலக்ஸ் பாதி காலியாகப் போகும். அடுத்து வரும் சாதாரண வண்டி பிதுங்கும். ஒரே தடத்தில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிகளுக்குள் இந்த வேறுபாடு எதற்கு? திட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

வாதம் 4: தனியாரிடம் விட்டால் லாபத்தில் ஓடும்

மாவட்டங்களில் தனியார் டவுன் பஸ் பளபளவென்று ஓடுகிறதே என்பார்கள். ஓடுகிறதுதான். கூட்டம் உள்ள தடத்தில், கூட்டம் உள்ள நேரத்தில் ஓடுகிறது. விடிகாலை நாலரை மணிக்குக் கோயம்பேட்டுக்குப் பூக்கூடையோடு போகிறவருக்கும், இரவு கடைசி டிரிப்பில் வீடு திரும்பும் ஓட்டல் தொழிலாளிக்கும் வண்டி விட வேண்டிய கட்டாயம் லாபம் பார்ப்பவருக்கு இல்லை. பெருந்தடங்களில் ஷேர் ஆட்டோக்கள் செய்வதும் இதுதான்: பேருந்துக்கு முன்னால் ஓடி, நிறுத்தத்தில் நிற்பவர்களை அள்ளிக்கொண்டு போகின்றன. லாபத் தடங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் கழகத்துக்கு மிஞ்சுவது நட்டத் தடங்கள் மட்டுமே. பிறகு நட்டம் கூடிவிட்டது என்று மறுபடியும் செய்தி வரும்.

தலைநகர் தில்லி இதைச் செய்து பார்த்தது. 1992-ல் ரெட்லைன் என்று வந்து, புளூலைன் என்று பெயர் மாறிய தனியார் பேருந்துகள், பயணிகளுக்காக ஒன்றையொன்று முந்தி ஓடின. கலெக்‌ஷனே கூலி என்று ஆனபோது, எத்தனையோ உயிர்கள் சக்கரத்தின் அடியில் போயின. 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டி அவற்றைப் படிப்படியாக ஓரங்கட்டினார்கள். டாக்காவில் 2018 ஜூலையில் போட்டி போட்டு ஓடிய தனியார் பேருந்து மோதி இரண்டு மாணவர்கள் இறந்தபோது, நகரத்தையே பள்ளிப் பிள்ளைகள் மறித்தார்கள்.

தனியாரை நெருங்கவே விடக் கூடாது என்றும் சொல்ல வரவில்லை. லண்டனில் பேருந்தை ஓட்டுவது தனியார் நிறுவனங்கள். ஆனால் தடம், நேரம், கட்டணம் எல்லாம் நகரப் போக்குவரத்து அமைப்பின் கையில். பிரிட்டனில் லண்டனுக்கு வெளியே 1986-ல் எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டார்கள். அப்படி விட்ட மான்செஸ்டர் வட்டாரம் 2023 முதல் 2025 ஜனவரிக்குள் பேருந்துகளைத் தன் கட்டுப்பாட்டுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. சென்னையிலும் 2025 ஜூனில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து கிளம்பிய 120 மின்சாரப் பேருந்துகள் ஒப்பந்த முறையில் வந்தவைதான்: வண்டியும் ஓட்டுநரும் நிறுவனத்துடையது, நடத்துநர் கழகத்துக்காரர், ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் பணம் தரும். இங்கே கலெக்‌ஷன் குறைந்தாலும் நிறுவனத்துக்குப் பணம் போயாக வேண்டும். ஆகவே தனியார் வந்தால் அரசுப் பணம் தேவைப்படாது என்ற நம்பிக்கைக்கு அந்த ஒப்பந்தத்திலேயே இடமில்லை.

வாதம் 5: மெட்ரோ வந்துவிட்டது, இனி பேருந்து எதற்கு?

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29-ல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. நல்ல சேவை, வேண்டிய சேவை. ஆனால் பத்தாண்டு கழித்து அதில் நாளொன்றுக்குப் போகிறவர்கள் மூன்று லட்சத்தை ஒட்டித்தான். பேருந்தில் அதைப்போலப் பத்து மடங்கு. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 530 கோடிக்கும் மேல். அந்த ஒரு கிலோமீட்டர் பணத்தில் சில நூறு புதிய பேருந்து வாங்கலாம். அதனால் மெட்ரோ வேண்டாம் என்று ஆகாது. மெட்ரோ நிலையத்தில் இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே போக வேண்டியவருக்கு அங்கே பேருந்து நிற்காவிட்டால், அவர் மறுநாள் பைக்கை எடுத்துவிடுவார். மெட்ரோவுக்கு ஆள் கொண்டுவந்து சேர்ப்பதே பேருந்துதான். பேருந்தை மெலியவிட்டால் அறுபத்து மூவாயிரம் கோடிக்கும் கூட்டம் வராது.

எதை அளக்க வேண்டும்?

கழகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு தடத்திலும் பயணி சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? திட்டமிட்ட டிரிப்பில் எத்தனை ஓடின, எத்தனை வெட்டப்பட்டன? எந்தச் சந்திப்பில் வண்டி எத்தனை நிமிடம் இழக்கிறது? இந்த மூன்றையும் மாதாமாதம் வெளியிட்டால் எது நிர்வாகக் கோளாறு, எது சாலைக் கோளாறு என்பது தானே பிரிந்து தெரியும். அரசிடமும் மூன்று கேட்க வேண்டும்: இலவசத்துக்கும் சலுகைக்குமான ஈடு முழுசாக, நேரத்துக்கு வர வேண்டும், கட்டணத்தை ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை இடியாக இறக்காமல் சிறுகச் சிறுகத் திருத்த வேண்டும், நெரிசல் மிகுந்த பெருஞ்சாலைகளில் ஒரு பாதையைப் பேருந்துக்கென்று ஒதுக்க வேண்டும். மூன்றாவதற்குப் பணம் அதிகம் தேவையில்லை, துணிவு தேவை. கார் வைத்திருப்பவர்களின் கோபத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாத வரை, பேருந்தை நெரிசலில் நிறுத்தியவர்களே அதன் நட்டத்துக்கும் கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.