106-க்கு 7 விக்கெட் காலி... அப்புறம் 378! ரஞ்சி கோப்பையை தமிழக அணி கோட்டை விடுவது எங்கே?

சென்னை: ரஞ்சி கோப்பையை தமிழக அணி கடைசியாக தூக்கியது 1988-ல். அந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு கல்யாணம் ஆகி, அதோட பிள்ளை பள்ளிக்கூடம் போற வயசு வந்தாச்சு. 2025 சீசன் வரை கணக்கு பார்த்தால் 37 வருஷம். கோப்பை மட்டும் சேப்பாக்கம் பக்கம் திரும்பவே இல்லை.

தோற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்றாங்க. டாஸ் சரியில்லை, பிட்ச் சரியில்லை, நேரம் சரியில்லை. ஆனால் 2024 மார்ச்சில் மும்பைக்கு எதிராக நடந்த அரை இறுதியை ஒரு தடவை பொறுமையா பிரிச்சு பார்த்தால், வியாதி எங்கே இருக்குன்னு பளிச்சுன்னு தெரியும். அது டாஸ்லயும் இல்லை, நேரத்துலயும் இல்லை.

5 நாள் ஆட்டம், 3 நாளில் மூட்டை!

அந்த சீசனில் தமிழக அணி சூப்பரா ஆடி வந்தது. கோவையில் நடந்த கால் இறுதியில் நடப்பு சாம்பியன் சவுராஷ்டிராவை இன்னிங்ஸ் மற்றும் 33 ரன் வித்தியாசத்தில் தூக்கி அடித்தது. 7 வருஷத்துக்கு அப்புறம் அரை இறுதி. கேப்டன் சாய் கிஷோர் சுழலில் மிரட்டிக் கொண்டிருந்தார். அந்த சீசன் முடிவில் அவர் எடுத்தது 53 விக்கெட். நாட்டிலேயே அவர்தான் நம்பர் 1. அதனால ரசிகர்களுக்கு நம்பிக்கை வந்தது நியாயம்தான்.

மார்ச் 2-ந்தேதி மும்பை பாந்த்ரா குர்லா மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. டாஸ் நமக்கு. பேட்டிங் எடுத்தார் சாய் கிஷோர். 50 ரன்னை தொடும் முன்னே 5 விக்கெட் போச்சு. விஜய் சங்கர் 44, வாஷிங்டன் சுந்தர் 43 ரன் எடுத்து கொஞ்சம் மானத்தை காப்பாற்றினார்கள். மொத்தம் 146 ரன்னில் சுருண்டது தமிழகம்.

அடுத்து மும்பை ஆடியது. முஷீர் கான் 55 ரன் அடித்தார். ஆனால் சாய் கிஷோர் விடவில்லை. ஒவ்வொருத்தரா பெவிலியனுக்கு அனுப்பினார். 106 ரன்னுக்கு 7 விக்கெட் காலி!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. மும்பை இன்னும் 40 ரன் பின்தங்கி இருக்கு. கையில் 3 விக்கெட்தான். அதாவது 146 அடித்தும் நாம் முன்னிலை வாங்குற நிலைமை. ஆட்டம் முழுசா நம்ம கையில்!

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 8-வது விக்கெட்டுக்கு 105 ரன். 9-வது விக்கெட்டுக்கு 79 ரன். கடைசி விக்கெட்டுக்கு 88 ரன். கூட்டிப் பாருங்க, 272 ரன் வரும். முதல் 7 விக்கெட்டுக்கு 106 ரன் கொடுத்த பவுலர்கள், கடைசி 3 விக்கெட்டுக்கு 272 ரன்னை வாரிக் கொடுத்தார்கள். 9-வது ஆளாக வந்த ஷர்துல் தாக்கூர் 104 பந்தில் 109 ரன் விளாசினார். முதல்தர கிரிக்கெட்டில் அவருக்கு அதுதான் முதல் சதம். 10-வது ஆள் தனுஷ் கோட்டியான் 89 ரன்னோடு அவுட் ஆகாமல் நின்றார்.

மும்பை 378. சாய் கிஷோர் ஒருத்தரே 6 விக்கெட். நொந்து போன தமிழகம் 2-வது இன்னிங்சில் 162 ரன்னில் காலி. பாபா இந்திரஜித் மட்டும் 70 ரன் எடுத்து போராடினார். இன்னிங்ஸ் மற்றும் 70 ரன் வித்தியாசத்தில் படுதோல்வி. 5 நாள் ஆட்டம் 3-வது நாளே முடிஞ்சு போச்சு.

காலை 9 மணிக்கே தோத்துட்டோமா?

தோற்றதும் குழாயடி சண்டை ஆரம்பித்தது. பயிற்சியாளர் சுலக்‌ஷண் குல்கர்னி, முதல் நாள் காலை 9 மணிக்கே ஆட்டம் போச்சு என்று பேட்டி தட்டினார். நாங்கள் முதலில் பந்து வீசியிருக்கணும், கேப்டன் வேற மாதிரி முடிவு எடுத்துட்டார் என்பது அவர் சொன்னதன் சாரம். கேப்டனை இப்படி நடுத்தெருவில் விடலாமா என்று தினேஷ் கார்த்திக் பகிரங்கமா கொதித்தார். அடுத்த சீசனுக்கு பயிற்சியாளர் மாற்றப்பட்டார்.

குல்கர்னி மும்பைக்காரர். மும்பை அணிக்கே பயிற்சி கொடுத்து கோப்பை வாங்கித் தந்தவர். அந்த ஊர் பிட்ச் காலையில் எப்படி இருக்கும்னு அவருக்கு தெரியாமல் இருக்காது. அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கு. காலை ஈரத்தில் புது பந்து எகிறும், வளையும். 146-ல் சுருண்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு கேள்வி. காலை 9 மணிக்கே ஆட்டம் போச்சுன்னா, மறுநாள் மும்பை எப்படி 106-க்கு 7 ஆச்சு? டாஸ்ல பண்ணின தப்பை சாய் கிஷோர் தன் பந்தாலேயே சரி பண்ணிட்டாரே! அதுக்கப்புறம் விட்டதுக்கு டாஸ் எப்படி பொறுப்பாகும்?

கட்டிடம் சாய்ஞ்ச பிறகு மேஸ்திரி, கொத்தனாரை ஊர் முன்னாடி நிறுத்தி திட்டினால் கட்டிடம் நிமிருமா? எந்த செங்கல் சரியில்லைன்னு பார்க்கணும். அதை யாரும் பேசலை.

4 நாள் முன்னாடியே ஊதியது சங்கு!

மும்பையின் வால் நீளம் என்பது ரகசியமே இல்லை. அதே மைதானத்தில் பிப்ரவரி 27-ந்தேதி பரோடாவுக்கு எதிரான கால் இறுதியில், மும்பையின் 10-வது ஆள் கோட்டியான் 120 ரன், 11-வது ஆள் துஷார் தேஷ்பாண்டே 123 ரன். கடைசி விக்கெட்டுக்கு 232 ரன் சேர்த்தார்கள். முதல்தர கிரிக்கெட் சரித்திரத்திலேயே 10, 11-வது ஆட்கள் ஒரே இன்னிங்சில் சதம் அடித்தது அதுக்கு முன் ஒரே ஒரு தடவைதான், 1946-ல்.

இது நடந்து 4-வது நாள் அரை இறுதி. அபாய சங்கு காதுகிட்டயே ஊதியிருக்கு. அப்படியும் அதே கோட்டியான், அதே தேஷ்பாண்டே சேர்ந்து நம்ம தலையில் 88 ரன் கட்டினார்கள். அடுத்து விதர்பாவை இறுதிப் போட்டியில் வீழ்த்தி மும்பை 42-வது முறையாக கோப்பையை தூக்கியது.

2015-லயும் இதே கூத்து!

இது ஒரு தடவை நடந்த விபத்துன்னா மன்னிச்சு விடலாம். பழைய கணக்கை புரட்டினால் வயிறு எரியுது.

2015 இறுதிப் போட்டி, மும்பை வான்கடே மைதானம், எதிரி கர்நாடகா. தமிழகம் முதலில் 134 ரன்னில் சுருண்டது. ஆனால் கர்நாடகாவும் 84 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தடுமாறியது. ஆட்டம் மறுபடியும் நம்ம கைக்கு வந்தது. அப்புறம்? கருண் நாயரும் லோகேஷ் ராகுலும் 6-வது விக்கெட்டுக்கு 386 ரன் சேர்த்தார்கள். கருண் நாயர் 328, ராகுல் 188. பின்னாடி வந்த வினய் குமாரும் சதம் போட்டார். கர்நாடகா 762 ரன். நமக்கு இன்னிங்ஸ் மற்றும் 217 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

சரியா 10 வருஷம் கழித்து, 2025 பிப்ரவரி. நாக்பூரில் விதர்பாவுடன் கால் இறுதி. 44 ரன்னுக்கு 3 விக்கெட்டை தூக்கினார்கள் நம்ம ஆட்கள். அங்கே வந்து நின்றது யார் தெரியுமா? அதே கருண் நாயர்! கர்நாடகாவில் இருந்து விதர்பாவுக்கு மாறி, மறுபடியும் நம்ம முதுகில் ஏறி 122 ரன். மாலேவர் 75. விதர்பா 353 ரன். தமிழகம் 225. 128 ரன் பின்தங்கிய பிறகு, 401 ரன் இலக்கை துரத்தி 202-ல் முடிஞ்சு போச்சு. 198 ரன்னில் தோல்வி.

2012 இறுதிப் போட்டியை எடுத்துக்கோங்க. சொந்த மண் சேப்பாக்கத்திலேயே ராஜஸ்தானை 621 ரன் அடிக்க விட்டோம். வினீத் சக்சேனா மட்டும் 257. நாம் 295. ஆட்டம் டிரா. முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை ராஜஸ்தானுக்கு போச்சு.

பேட்டிங் சொதப்பலும் ஒவ்வொரு தடவையும் இருக்கத்தான் செய்யுது, இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனால் 2015, 2024, 2025 மூணு தடவையும் எதிராளியை குழியில் தள்ளிய பிறகு, மண்ணை போட்டு மூடாமல் கை கொடுத்து தூக்கி விட்டிருக்கோம். அதுதான் பெரிய வலி.

20 ஓவர் ஆட்டத்தில் புலி... இதில் ஏன் எலி?

நம்ம பசங்களுக்கு திறமை இல்லையா? சையது முஷ்டாக் அலி 20 ஓவர் கோப்பையை 2021-ல் மட்டும் இரண்டு தடவை வென்றது தமிழகம். ஜனவரியில் ஒண்ணு, நவம்பரில் ஒண்ணு. நவம்பர் இறுதிப் போட்டியில் கர்நாடகாவுக்கு எதிராக கடைசி பந்தில் ஷாருக்கான் சிக்சர் அடித்ததை யாரும் மறக்க முடியாது. விஜய் ஹசாரே ஒருநாள் கோப்பையிலும் 5 பட்டம் இருக்கு. 2016-ல் இருந்து டிஎன்பிஎல் நடக்குது.

இங்கேதான் சூட்சுமம். 20 ஓவர் ஆட்டத்தில் எதிராளியின் கடைசி 3 விக்கெட்டை எடுக்கலைன்னாலும் குடி முழுகாது. 20 ஓவர் முடிஞ்சா இன்னிங்ஸ் தானா முடிஞ்சிடும். ஒரு பவுலருக்கு 4 ஓவர்தான் வேலை. ரன் கொடுக்காமல் போட்டால் கைதட்டல்.

ரஞ்சியில் அப்படி இல்லை. இன்னிங்சை முடிச்சு வைக்க ஓவர் கணக்கு கிடையாது. பவுலர்தான் 10 விக்கெட்டையும் எடுத்து முடிக்கணும். ஒரு நாளைக்கு 90 ஓவர். 80 ஓவர் போன பிறகுதான் புது பந்து கிடைக்கும். அது வரைக்கும் தேய்ந்து போன பந்தை வைத்து, மதிய வெயிலில், மூணாவது ஸ்பெல், நாலாவது ஸ்பெல் வீச உடம்பில் தெம்பு வேணும். வால் ஆள் அடிக்க ஆரம்பிச்சதும் பீல்டர்களை எல்லைக்கோட்டுக்கு விரட்டி ரன்னை தடுப்பது 20 ஓவர் புத்தி. 2 ரன் போனாலும் பரவாயில்லை, ஸ்லிப்பில் ஆள் நிற்கட்டும் என்பது ரஞ்சி புத்தி. அந்த புத்தி நம்ம பசங்களுக்கு பழகணும்.

கடைசி ஆட்களை சாய்க்க வேகம் வேணும். காலை பெயர்க்கிற யார்க்கர் வேணும். அப்படி ஒரு ஆள் நமக்கு கிடைத்தார். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் இருந்து வந்து 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் வரை போனார். அப்புறம் முழங்காலில் ஆபரேஷன். அதற்கு பிறகு ஜனங்கள் அவரை அதிகம் பார்த்தது 20 ஓவர் ஆட்டங்களில்தான். அவரை குறை சொல்லி புண்ணியம் இல்லை. ஒரு நடராஜனுக்கு பின்னாடி இன்னும் நாலு நடராஜன் வரிசையில் நிற்கலை. அதுதான் பிரச்சினை.

வயித்துக் கணக்கு!

காசு கணக்கையும் பார்த்துடலாம். ரஞ்சி சம்பளம் நாள் கூலி மாதிரிதான். 2021-ல் கிரிக்கெட் வாரியம் உயர்த்திய கணக்குப்படி, 11 பேரில் இடம் பிடிக்கும் புதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 40 ஆயிரம். 20 ஆட்டத்துக்கு மேல் ஆடியவருக்கு 50 ஆயிரம், 40-ஐ தாண்டினால் 60 ஆயிரம். நமக்கு இது பெரிய தொகைதான். ஆனால் லீக் சுற்றில் 7 ஆட்டம், 4 நாள் வீதம் 28 நாள். புதுப் பையனுக்கு 11 லட்சம் சொச்சம்.

ஐபிஎல்லில் 2025 சீசன் ஏலத்தில் குறைந்தபட்ச விலையே 30 லட்சம். பெஞ்சில் உட்கார்ந்தாலும் அந்த காசு வரும். 2 மாசத்தில் முடிஞ்சிடும். தினமும் 20 ஓவர் வீசி முதுகு ஒடியும் வேலையை எந்தப் பையன் விரும்பி தேர்ந்தெடுப்பான்? அவன் வீட்டிலும் அடுப்பு எரியணுமே. காசு அங்கே கொட்டும்போது பையனை மட்டும் திட்டி என்ன பயன்?

என்னதான் வழி?

ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டமே நடந்தது நம்ம சேப்பாக்கத்தில்தான். 1934 நவம்பர் 4-ந்தேதி, மெட்ராஸும் மைசூரும் மோதின. ஒரே நாளில் ஆட்டத்தை முடித்தார்கள். ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். 1988-ல் வாசுதேவன் தலைமையில் கோப்பை வாங்கினபோதும் இதே சேப்பாக்கம்தான். 709 ரன் அடித்தது மட்டும் இல்லை, ரயில்வே அணியை இரண்டு தடவை முழுசா ஆல்-அவுட் பண்ணினார்கள். ஆக, முடிச்சு வைக்கிற வித்தை இந்த மண்ணுக்கு புதுசு இல்லை.

செய்ய வேண்டியது மூணு. ஒண்ணு, மாவட்டங்களில் வேகப்பந்து பையன்களை தேடிப்பிடித்து, 4 ஓவருக்கு இல்லை, 20 ஓவருக்கு தயார் பண்ணணும். இரண்டு, லீக் ஆட்டங்களில் எல்லா இடத்திலும் சுழல் பிட்ச் போடாமல், புல் உள்ள பிட்சும் போடணும். நாக்பூர், மும்பை போய்த்தான் முதல் தடவை அதை பார்க்கிற நிலைமை கூடாது. மூணு, ரஞ்சியில் முழு சீசன் ஆடும் பவுலருக்கு மாநில சங்கம் தனியா ஊக்கத்தொகை கொடுக்கணும். டிஎன்பிஎல் நடத்த முடிகிற சங்கத்துக்கு இது முடியாத காரியம் இல்லை.

ரஞ்சி ஆட்டத்துக்கு பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. லீவு நாளில் பிள்ளைகளை கூட்டிக்கிட்டு ஒரு நடை போய்ப் பாருங்க. எதிராளிக்கு 7 விக்கெட் விழுந்ததும் டீ குடிக்க எழுந்து போயிடாதீங்க. நம்ம கேப்டன் ஸ்லிப்பில் ஆளை நிறுத்துறாரா, எல்லைக்கோட்டுக்கு அனுப்புறாரான்னு கவனிங்க. இந்த வருஷம் கோப்பை வருமா வராதான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.