சோம்பேறிக் கண் என்னும் அவதூறு

'சோம்பேறிக் கண்' என்ற பெயரே ஓர் அவதூறு. கண் சோம்புவதில்லை. ஒரு கண்ணில் கிட்டப்பார்வை மிகுந்து பிம்பம் மங்கும்போது, மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. மற்றொரு கண்ணால் கரும்பலகையைப் படித்துவிடும் குழந்தைக்கு முறையிட ஏதுமில்லை. இரு கண்களையும் திறந்துவைத்தே நடத்தப்படும் பள்ளிப் பரிசோதனைக்கும் அது புலப்படாது.

ஒன்பது வயதில் தற்செயலாகத் தெரியவந்தால், "ஏழைத் தாண்டிவிட்டது, இனிப் பயனில்லை" என்று கைவிரிப்போர் இன்றும் உள்ளனர். மொழியியல் மாணவர்களுக்கு இக்குரல் புதிதன்று. மொழி கற்பதற்குரிய பருவம் பற்றி 1967இல் லென்னபர்க் முன்வைத்த கருதுகோளும் இவ்வாறே மூடிய கதவாக வாசிக்கப்பட்டது. பருவம் மெல்லத் தளர்வது, மணியடித்து முடிவதன்று.

2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 7 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குக் கண்ணாடியுடன் நல்ல கண்ணை மறைத்தலும் அட்ரோபின் சொட்டும் அளிக்கப்பட்டன. 53 சதவீதத்தினர் எழுத்துப் பலகையில் குறைந்தது இரண்டு வரிகள் முன்னேறினர். கண்ணாடி மட்டும் அணிந்தோரிலும் 25 சதவீதத்தினர் முன்னேறினர். 'இனிப் பயனில்லை' என்பது எந்தச் சான்றின்மேல் நிற்கிறது?

கண்ணாடி அணிந்தால் பவர் ஏறும் என்றஞ்சும் பெற்றோரைப் பழிப்பது எளிது. அறியாமை அவர்களோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கண்ணாக மறைத்துச் சோதிக்க ஓர் அட்டைத்துண்டு போதும். அதற்கும் நேரமில்லை என்கின்றன பள்ளிகள்.