சிட்டிங் எம்.எல்.ஏ.வுக்கு பலம் அதிகம்தான்... ஆனா கொல்லிமலையில் ஏன் எடுபடல?

தேர்தல் வந்தாலே, "சிட்டிங் எம்.எல்.ஏ.வுக்கு மறுபடியும் சீட் கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. பதவியில் இருப்பவருக்கு அப்படி என்ன கூடுதல் பலம்? கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் (பழங்குடியினர்) தொகுதியை வைத்துப் பார்க்கலாம்.

என்னென்ன சாதகம்?

* தொகுதி மேம்பாட்டு நிதி: தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் என எந்த ஊருக்கு எது என்று பரிந்துரைப்பது அவர்தான்.
* மேடை: ஆடி மாத வல்வில் ஓரி விழா முதல் பூமி பூஜை வரை, அரசு நிகழ்ச்சிகளில் அவர் முகம் தெரியும். எதிர்த்து நிற்பவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.
* அணுகல்: மனுவை நேராக கலெக்டரிடமும் அமைச்சரிடமும் கொண்டு போகலாம். 2022-ல் 234 எம்.எல்.ஏ.க்களிடமும் தலா 10 முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டார் முதல்வர் ஸ்டாலின்.

தேர்தல் தேதி அறிவிச்சதும் நடத்தை விதி வந்து புதுப் பணிகள் நிற்கும். ஆனா அதுக்கு முன்னாடி ஐந்து வருஷம் கையில் இருக்கே!

பிறகு ஏன் தோல்வி?

சேந்தமங்கலத்தில் 2006-ல் தி.மு.க., 2011-ல் தே.மு.தி.க., 2016-ல் அ.தி.மு.க., 2021-ல் மீண்டும் தி.மு.க. 2006-ல் வென்ற பொன்னுசாமி, 2011-ல் சிட்டிங் எம்.எல்.ஏ.வாக நின்றே தோற்றார். 10 ஆண்டுகள் கழித்து எதிர்க்கட்சி வேட்பாளராக வந்து ஜெயித்தார்.

2021 கதை இன்னும் சுவாரஸ்யம். சிட்டிங் எம்.எல்.ஏ. சந்திரசேகரனுக்கு அ.தி.மு.க. சீட் தரல. சுயேச்சையாக நின்று 11 ஆயிரத்துக்கும் மேல் வாங்கினார். தன் பழைய கட்சி தோற்ற வித்தியாசமே சுமார் பத்தரை ஆயிரம்தான். அதாவது, சொந்த செல்வாக்கு ஜெயிக்கப் போதல. தோற்கடிக்கப் போதுமானதா இருந்தது.

அமெரிக்க பிரதிநிதிகள் சபையில் மறுபடி நிற்பவர்களில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்கிறாங்க. இங்கே சீட் தலைமையின் கையில். கூட்டணி மாறினா கணக்கும் மாறும். ஆட்சி மேல உள்ள கோபமும் எம்.எல்.ஏ. தலையில்தான் விழும்.

2025 அக்டோபரில் பொன்னுசாமி காலமானார். சட்டமன்றத்தின் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவு என்பதால் இடைத்தேர்தல் கட்டாயமில்லை. 2026 தேர்தலுக்கு சிட்டிங் எம்.எல்.ஏ. இல்லாத தொகுதியாகவே வந்தது சேந்தமங்கலம்.

வாக்காளர் என்ன கேட்கலாம்?

70 கொண்டை ஊசி வளைவு ஏறி ஓட்டு கேட்க வருபவரிடம் ஒரே கேள்வி போதும்: "ஐந்து வருஷ தொகுதி நிதியில் எங்க ஊருக்கு வந்தது எவ்வளவு?"