பட்டியல் படைத்ததோ குடி?

தனித்தனி மாந்தரே மெய். குடி, இனம் என்பன வெறும் பெயர்கள் என்று கற்றாருள்ளும் சிலர் கூறுகின்றனர். அன்னார் ஒருமுறை சேர்வராயன் மலைமேல் வாழவந்திக்கு வருக!

அம்மலைக்குரிய பழங்குடியினர் மலையாளிகள். இவர்கள் கேரளத்தாரல்லர்; தமிழே தாய்மொழியாகக் கொண்டவர்கள். காஞ்சியினின்று வந்த உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன்மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் தங்கினர் என்பது இவர்தம் வழிவழிச் செய்தி. அதனை முதலிற் சொன்னாரும் கேட்டாரும் மறைந்தனர், செய்தி மறையவில்லை, அதனைத் தமதெனக் கொண்ட குடியும் மறையவில்லை. நேற்றைய நீர் இன்றில்லை என்பதால் ஆறு பொய்யாகுமோ?

இனி, அரசின் பட்டியலைப் பார்ப்போம். 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேலம், தருமபுரி, வடார்க்காடு, தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை எனும் ஆறு மாவட்டத்து மலையாளிகளையே பட்டியற் பழங்குடியினர் என்றது. கோவை அதில் இல்லை. ஆதலின், 1979இல் கோவையினின்று பிரிந்த ஈரோட்டு மாவட்டத்தின் பர்கூர் மலையாளிகள் பட்டியலுக்கு வெளியே நின்றனர். அவ்வுரிமையைப் பல்லாண்டுகள் கேட்டு வந்துள்ளனர். மாவட்ட எல்லைக்கல் குடியைப் பிளந்ததா? இல்லை, குடிக்குரிய பயனையே பிளந்தது! பட்டியல் குடியைக் கண்டு எழுதப்பட வேண்டுவதன்றிக் குடி பட்டியலிற் பிறப்பதன்று.

2006ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம் தனியாளுக்கு மட்டுமன்றி ஊர்ப்பொதுவுக்கும் உரிமை தந்தது. மேய்ச்சலும் காட்டின் சிறுவிளைபொருளும் ஊராரின் பொதுவுரிமையாயின. இல்லாத ஒன்றுக்கு எவரேனும் உரிமை வழங்குவரோ?

அங்ஙனமாயின், குடியின்மேல் குற்றத்தையும் ஏற்றலாமன்றோ எனின், ஆகாது! வெள்ளையர் 1871இல் இயற்றிய ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’ அதனைத்தான் செய்தது. பிறந்த குழவியும் குற்றக் குடியினதாயிற்று. அதனை எதிர்த்த கள்ளர்குல மக்கள் 1920இல் பெருங்காமநல்லூரிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றம் செய்வது கை. கை தனியாளுக்கே உண்டு. மொழியும் நிலமும் வழக்காறும் பலர் கூடிக் காப்பன; அவற்றின் உரிமை கூட்டத்துக்கே உண்டு. இவ்விரண்டையும் மயக்குவதே கொடுமைக்கு வித்து.

குடியின் பெயரால் தன் மக்களையே ஒடுக்குவோர்க்கும் அவ்வுரிமை அரணாகாது. மாந்தரை வாழ்விக்கும் அளவே குடிக்கு மதிப்பு.

தமிழன்பர்காள்! தமிழினம் என நாம் உரத்துக் கூறுகின்றோம். அச்சொல் மெய்யாயின், மலைமேல் வாழும் நம் உறவினரின் உரிமைக்கும் நம் குரல் அதே உரத்தோடு எழுதல் வேண்டும்.